வேலிக்கு அந்தப்பக்கம் ஆறு நாள்

நான் மலேசியாவுக்குப் படிக்கப் புறப்பட்டது ஒரு வியாழக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு. ஆறு பன்னிரண்டுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டேன். சேர்ந்த இடம் பெரியம்மா வீடு. எங்கள் வளவுக்கும் பெரியம்மாவின் வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். விமானம் அடுத்த புதன்கிழமை காலை.

இதை வெளியாட்களுக்கு விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தி எனக்கு அலுத்துவிட்டது. இருந்தாலும் சொல்கிறேன். நாவற்குடாவில் எங்கள் வீட்டில் யாராவது தூரப் பயணம் போவதென்றால் சாத்திரியாரிடம் நேரம் கேட்போம். பயண நாளில் நல்ல நேரம் அமையாவிட்டால், அமைகிற நாளில் பெட்டியோடு வீட்டை விட்டு வெளிக்கிட்டு, பக்கத்தில் யார் வீட்டிலாவது போய் இருந்துவிடுவது. பிறகு அங்கிருந்து எப்போது வேண்டுமானாலும் போகலாம். வெளிக்கிட்ட ஆள் மட்டும் பயணம் முடியும் வரை திரும்ப வீட்டுக்குள் காலடி வைக்கக் கூடாது. கிரானில் இருந்த சாத்திரியார் என் குறிப்பை விரித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, அந்த இரண்டு வாரத்தில் எனக்கு வியாழன் காலையைத் தவிர வேறு நேரமே இல்லை என்று சொல்லிவிட்டார். மற்ற ஆட்களுக்கு இருந்திருக்கும். எனக்கு இல்லை.

அப்பா மேசன். நாள் முழுக்கச் சீமெந்தோடு நின்றுவிட்டு வருகிறவருக்கு இந்த விஷயங்களில் பொறுமை கிடையாது.

"மலேசியாவுக்குப் போறாளா, வேலிக்கு அங்கால போறாளா?" என்று அம்மாவிடம் கேட்டார். "உன்ட அக்காவ பாஸ்போட்டில ஒரு முத்திரை குத்தி விடச் சொல்லு."

அம்மா சிரிக்கவில்லை. "நீங்க கதைக்காம இரிங்க," என்றாள். அதோடு அப்பாவும் வாயை மூடிக்கொண்டார். ஏன் மூடிக்கொண்டார் என்று எனக்குத் தெரியும்.

அம்மா ஒரு காலத்தில் நேரம் காலம் பார்க்கிற ஆளே இல்லை. அவள் வீட்டிலிருந்து தைப்பவள். 2004 நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, கடற்கரைப் பக்கத்தில் இருந்த ஒரு வீட்டுக்குத் தைத்துக் கொடுக்க வேண்டிய சட்டை ஒரு நாள் சுணங்கிவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பொத்தான் வைத்து முடித்து, மடித்து, பையில் போட்டு, என் தங்கச்சியிடம் கொடுத்து, "ஓடிப்போய்க் குடுத்திட்டு வா புள்ள" என்று அனுப்பினாள். தங்கச்சிக்கு ஒன்பது வயது. ஓடிப்போகச் சொன்னால் உண்மையாகவே ஓடுகிறவள். கடல் வந்தபோது அவள் அந்த வீட்டு வாசலில் நின்றிருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு முழங்கால் அளவு தண்ணீர்தான் வந்தது. தங்கச்சி மூன்றாம் நாள் கிடைத்தாள்.

அரை மணித்தியாலம் பிந்தி அனுப்பியிருந்தால் பிள்ளை வீட்டில் நின்றிருப்பாள். இந்தக் கணக்கை அம்மா நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கணக்கு சரிதானே. அதன் பிறகு அம்மா பஞ்சாங்கம் பார்க்காமல் யாரையும் கடைக்குக்கூட அனுப்பவில்லை. உப்பு வாங்கப் போகவும் ராகுகாலம் முடிய வேண்டும். ஊரில் சிலர் கேலி பண்ணினார்கள். அவர்களோடு நான் சண்டை பிடித்திருக்கிறேன், வீட்டுக்கு வந்து அம்மாவோடும் சண்டை பிடித்திருக்கிறேன்.

ஆகவே வியாழக்கிழமை ஆறு பத்துக்கு நான் ஒன்றும் பேசாமல் பெட்டியைத் தூக்கினேன். பேசுவதற்குத் தெம்பும் இல்லை. அதற்கு முந்தைய எட்டு மாதம் கடுதாசிகளோடு அலைந்தே என் உடம்பு கழன்றிருந்தது. பிறப்புச் சான்றிதழ் வெள்ளத்தில் ஊறி எழுத்து அழிந்து போனதால் புதிது எடுக்க வேண்டும். அதைத் தருவதற்கு வேறொரு கடுதாசி வேண்டும். பொலிஸ் அறிக்கை, மருத்துவ அறிக்கை, கொழும்புக்கு நாலு தரம் பஸ், ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி, பையைத் திறந்து, மூடி, நடந்து, ஏறி. உயர்தரப் பரீட்சை மூன்று தரம் எழுதி, மூன்றாம் தரமும் நூலிழையில் இங்குள்ள பல்கலைக்கழகம் கைவிட்டுப் போனவள் நான். மலேசியாவில் ஒரு பல்கலைக்கழகம் விவசாயம் படிக்க இடமும் உதவிப்பணமும் தருகிறேன் என்றது. கடிதத்தின் கடைசி வரியைத் தடித்த எழுத்தில் அடித்திருந்தார்கள். விமானத்துக்கு மறுநாள் வியாழக்கிழமைக்குள் நேரில் வந்து பதியாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். எனக்கு நாலாம் தரம் என்று ஒன்று கிடையாது.

பெரியம்மா தனியாக இருந்தாள். பெரியப்பா இறந்து கனகாலம். நான் போய்ச் சேர்ந்தது அவளுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. "மலேசியா எப்பிடிகா இரிக்கு? வெயிலா?" என்று காலையும் மாலையும் கேட்டாள். ஆனால் சமையல் அம்மாதான். மூன்று நேரமும் வேலிக்கு மேலால் சோற்றுக் கோப்பை வரும். பல் துலக்கும் பிரஷை மறந்துவிட்டேன், அதுவும் வேலிக்கு மேலால் வந்தது. என் சட்டை எங்கள் கொடியில் காய்வது தெரியும், எட்டிப் போய் எடுக்க முடியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் என் தலையணையைக் கேட்டேன்.

"தலையணைய எடுத்து அனுப்பினா நீ திரும்பி வாற மாதிரி ஆயிரும் மனே. பெரியம்மாட தலையணையில படு," என்றாள் அம்மா.

"பெரியம்மாட தலையணை கல்லு மாதிரி இரிக்கம்மா."

"மலேசியாவில என்ன, பஞ்சு வச்சிக்கொண்டா நிக்கானுகள் உனக்கு?"

அது 2009 தொடக்கம். சண்டை வடக்கே கடைசிக் கட்டத்தில் நின்றது. எங்கள் பக்கம் சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொல்லி வருடக்கணக்காகிவிட்டது, ஆனால் இராணுவத்தின் சுற்றிவளைப்பு முடியவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம் இருந்தது. வீட்டில் யார் யார் என்று பெயர் எழுதி, வாசலில் நிற்க வைத்துப் படமும் எடுத்து ஒட்டியிருப்பார்கள். அந்தப் பெயர்களுக்கு மேல் யாராவது ஒரு இரவு தங்கினாலும் முன்கூட்டியே விதானையாரிடம், அதாவது கிராம சேவகரிடம், போய் அறிவித்துக் கடுதாசி வாங்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், எல்லோருக்கும் இது மனப்பாடம். கரடியனாற்றிலிருந்து அப்பாவின் தம்பி வந்து ஒரு இரவு தங்கினபோது, அவர் செருப்பைக் கழற்றுமுன் அப்பா விதானையாரிடம் ஓடியிருக்கிறார்.

எனக்காக ஒருவரும் ஓடவில்லை. அம்மாவோ அப்பாவோ பெரியம்மாவோ நானோ, ஒருவருக்கும் அது தோன்றவில்லை. வந்து தங்குகிறவர் என்றால் வெளியூரிலிருந்து வருகிறவர். நான் பிறந்த நாளிலிருந்து பெரியம்மாவின் குசினியில் சோறு தின்றவள், அந்த வீட்டுப் பாயில் காய்ச்சலோடு கிடந்தவள். ராகுகாலத்துக்கும் மரணயோகத்துக்கும் அவ்வளவு பயந்த நாங்கள், இந்த ஒரு தாளை யோசிக்கவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல்தான் கோபம் வருகிறது. எட்டு மாதம் கடுதாசிகளோடு குடித்தனம் நடத்தினவள் நான்தானே.

சனிக்கிழமை விடிந்ததும் ஒழுங்கையின் இரு பக்கமும் ஆமி நின்றது. வீடு வீடாக வந்தார்கள். பெரியம்மாவின் படிவத்தில் ஒரு பெயர். வீட்டில் இரண்டு பேர். இரண்டாவது ஆள் இருபத்தொரு வயதுப் பெண், கயிறு கட்டிய பெட்டி, கைப்பைக்குள் பாஸ்போட்.

"எங்க வீடு?" என்று கேட்டார்கள்.

நான் வேலியைக் காட்டினேன்.

"அது வீடு. அப்ப இங்க என்ன?"

நான் எப்படிச் சொல்ல? எனக்குச் சிங்களம் வராது. வந்தாலும் இதை எந்த மொழியில் சொன்னால் நம்புவார்கள்? பெரியம்மா தான் சந்தையில் பழகின சிங்களத்தோடு முன்னுக்கு வந்தாள். "நெக்கத், மாத்தயா, நெக்கத்!" என்று தன் கையில் இல்லாத மணிக்கூட்டைத் தட்டித் தட்டிக் காட்டினாள். நல்ல நேரத்துக்குச் சிங்களத்தில் அதுதான் சொல். அவர்களில் ஒருவன், என்னைவிட ஒன்றிரண்டு வயது கூடியவனாக இருப்பான், சட்டென்று சிரித்துவிட்டான். பக்கத்தில் நின்றவனுக்கு ஏதோ சொன்னான். அவனுக்கு முழுவதும் விளங்கிவிட்டது. அவனையும் வீட்டிலிருந்து யாரோ நேரம் பார்த்துத்தான் அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் அவர்களின் பெரியவர் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய் எண்ணிவிட்டு வந்தார்கள். அங்கே படிவத்தில் மூன்று பெயர், வீட்டில் இரண்டு பேர். இங்கே ஒன்று கூட, அங்கே ஒன்று குறைய. இரண்டு வீட்டையும் சேர்த்துக் கூட்டினால் சரியாக வரும் என்று அப்பா வேலிக்கு மேலால் கத்தினார். வேலியைத் தாண்டிக் கூட்டுகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. பாஸ்போட்டையும் பல்கலைக்கழகக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டார்கள். பதிவைத் திருத்திக்கொண்டு முகாமுக்கு வரட்டாம்.

அவர்கள் போன பிறகு அம்மா வேலியோரத்தில் வந்து நின்றாள். முகம் பேயறைந்தது மாதிரி இருந்தது. "நான் பாத்த நேரம்," என்றாள். "நான் பாத்து அனுப்பின நேரம் மனே."

எனக்கு வந்த ஆத்திரத்தில், "ஓம், நீங்கதான் பாத்தீங்க. எல்லாம் நீங்கதான்," என்று சொல்லிவிட்டேன். அப்போது நான் தங்கச்சியை நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. ஆனால் அம்மா அதைத்தான் கேட்டிருப்பாள் என்று சொன்ன உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் குசினிக்குப் போனாள். அன்று மத்தியானம் கோப்பையை அப்பாதான் தந்தார்.

சனியும் ஞாயிறும் அலுவலகம் இல்லை. அந்த இரண்டு நாளும் நான் பெரியம்மாவின் விறாந்தையில் பெட்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தேன். படுத்தாலும் நித்திரை இல்லை, எழும்பினாலும் வேலை இல்லை. போகவே வேண்டாம், எல்லாம் நாசமாய்ப் போகட்டும் என்று ஒரு மணித்தியாலம் நினைப்பேன். அடுத்த மணித்தியாலம் மூன்றாம் தரம் வந்த பெறுபேற்றுத் தாள் ஞாபகம் வந்து பெட்டிக் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டுவேன்.

திங்கட்கிழமை காலை அப்பா வேலைக்குப் போகாமல் விதானையாரிடம் போனார். நானும் போனேன். விதானையாருக்கு எங்களை நன்றாகத் தெரியும். கடல் வந்த வருடம் அவரும் எத்தனை பெயர்களை வெட்டி எழுதிக் களைத்தவர். கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"புள்ள இந்த வீட்டு ஆள்தான் எண்டு நான் எழுதித் தாறன். அது பெரிய வேலை இல்ல," என்றார். "ஆனா கேளுங்க. புதன்கிழமை இவ போயிருவா. அடுத்த முறை வந்து எண்ணுவானுகள். மூண்டு பேர் பதிவு, ரெண்டு பேர் வீட்டில. மூண்டாவது ஆள் எங்க எண்டு கேட்டா நீங்க என்ன சொல்லப் போறீங்க? வயசுப் புள்ள வேற."

"மலேசியாவில எண்டு சொல்லுவம்," என்றார் அப்பா.

"எங்க போன எண்டு சொன்னாலும் அவனுகள் நம்புற காலமா இது? இயக்கத்துக்குப் போயிட்டா எண்டுதான் நினைப்பானுகள்."

விதானையார் பேனையைத் திறந்தார்.

"பேர வெட்டிப்போடுங்க. வீட்டில ரெண்டு பேர்தான் எண்டு புதுசா எழுதுவம். அப்பதான் பாஸ்போட்டும் கெதியா வரும், மறுகா உங்களுக்கும் கரைச்சல் இல்ல."

வழியில் அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார். ஏறி மிதிக்கவில்லை. "இது வெறும் கடுதாசிதான் மகள்," என்றார் ஒரு தரம். கொஞ்ச தூரம் போய் அதையே இன்னொரு தரம் சொன்னார். நான் ஓம் ஓம் என்றேன். எனக்கு அப்போது பாஸ்போட்டைத் தவிர வேறொன்றும் தலையில் ஏறவில்லை.

புதுப் படிவம் என்றால் புதுப் படம். அப்பா விதானையாரின் கடுதாசியை முகாமில் கொடுத்துவிட்டு வந்தார், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அங்கிருந்து ஆட்கள் வந்தார்கள். கொழும்பு பஸ் பன்னிரண்டரைக்கு. அதை விட்டால் புதன்கிழமை விமானம் இல்லை, விமானம் இல்லாவிட்டால் வியாழக்கிழமை பதிவும் இல்லை. வந்தவர்கள் மூன்று பேர்: எழுதுகிறவர், படம் பிடிக்கிறவன், தமிழ் கதைக்கிற ஒருவர். என் பாஸ்போட் எழுதுகிறவரின் படிவத் தட்டில் கிளிப்புக்குள் இருந்தது. நான் எங்கள் வீட்டுக் கடப்பு வாசலுக்கு வெளியே, ஒழுங்கையில், படம் பிடிக்கிறவனுக்குப் பின்னால் நின்றேன்.

அம்மா சீலை மாற்றித் தலை இழுத்திருந்தாள். அப்பா ஒரு பொத்தானைத் தவறாகப் பூட்டியிருந்தார், நான் சைகை காட்டியும் அவர் பார்க்கவில்லை. இருவரையும் வாசலில் நிற்க வைத்து, வீட்டு இலக்கம் எழுதிய கரும்பலகையை அப்பாவின் கையில் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்து அவர்கள் இரண்டு பேர் மட்டும் நிற்கிற படம் கல்யாணப் படம் ஒன்றுதான். நான் பிறந்த பிறகு இது முதல் தரம்.

தமிழ் கதைக்கிறவர் படிவத்தைப் பார்த்து வாசித்தார். வீட்டுத் தலைவர் பெயர், தொழில், மனைவி பெயர். பிறகு கேட்டார்: "பிள்ளைகள் எத்தனை?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா இந்தக் கேள்விக்கு என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். கடலுக்குப் பிறகு யார் கேட்டாலும், நிவாரணக்காரர், ஆஸ்பத்திரி, கோயில், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற மனிசி, அவள் ரெண்டு என்றுதான் சொல்வாள். ஒருவர் பென்சிலை வைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கிற பிள்ளைகளை மட்டும் சொல்லுங்கள் அம்மா என்று கேட்டபோதும் ரெண்டு என்றவள். அவளோடு யாரும் மல்லுக்கட்ட முடியாது.

அம்மா படிவத் தட்டில் கிளிப்புக்குள் இருந்த பாஸ்போட்டைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இல்ல," என்றாள்.

"பிள்ளை ஒண்டும் இல்லையா?"

"ஒண்டும் இல்ல. நாங்க ரெண்டு பேரும்தான்."

எழுதுகிறவர் எழுதினார். படம் பிடித்தவன் ஒரு தரம் போதாதென்று இரண்டாம் தரமும் பிடித்தான். பாஸ்போட்டையும் கடிதத்தையும் தமிழ் கதைக்கிறவர் கடப்பைத் தாண்டி வந்து என் கையில் தந்தார். "போயிற்று வாங்க தங்கச்சி," என்றார். நல்ல மனிதர்தான். நான் பாஸ்போட்டைக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினேன்.

பெரியம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முச்சக்கரவண்டி வந்து நின்றுவிட்டது. நான் அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். அவள் சீலையில் நப்தலீன் மணத்தது. சனிக்கிழமை நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன், "அம்மா" என்று மட்டும்தான் வந்தது. "வெளிக்கிடு மனே, சுணங்காத, பஸ் போயிரும்," என்று என்னைத் தள்ளி ஏற்றிவிட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பல்கலைக்கழகத்தில் பதிந்தேன். நாலு மணிக்கு மூடியிருப்பார்கள். கவுண்டரில் இருந்த பெண் ஏன் இவ்வளவு பிந்தி வந்தாய் என்று கேட்டாள். பஸ் என்று சொன்னேன். விடுதி அறையில் நான்கு கட்டில், மூன்றில் ஆள் இருந்தது. மிஞ்சின கட்டிலில் விழுந்து மறுநாள் மத்தியானம் வரை எழும்பாமல் கிடந்தேன். இவள் செத்துவிட்டாளோ என்று அறைக்காரப் பிள்ளைகள் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார்களாம்.

ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்குப் போன் எடுக்க முடிந்தது. விடுதி வாசலில் ஒரு தொலைபேசி, வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர். அம்மாதான் எடுத்தாள். சாப்பிட்டியா, குளிக்கத் தண்ணி இரிக்கா, அங்கயும் மழையா. எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். நேற்றும் எண்ண வந்தார்களா என்று கேட்டேன்.

"வந்தானுகள். ரெண்டு பேர், சரி எண்டு போயிட்டானுகள்," என்றாள். "சுவரில கிடந்த படத்தையெல்லாம் கழட்டிப்போட்டன் மனே. புள்ள இல்ல எண்டிட்டு இது ஆர்ர படம் எண்டு கேட்டா என்ன சொல்லுற? தங்கச்சிட படத்துக்கு மாலை வேற கிடந்த. எல்லாத்தையும் துணியில சுத்தி அலுமாரிக்க வச்சிட்டன்."

என் பின்னால் நின்றவள் தோளில் தட்டினாள். நான் திரும்பவில்லை.

"பயப்பிடாத," என்றாள் அம்மா. "உங்க ரெண்டு பேரையும் ஒண்டாத்தான் வச்சிரிக்கன்."

"ஓம் அம்மா," என்றேன்.